நல்ல பூச்சி மாத்திரை: புரோபயாட்டிக் வாங்குவதிலிருந்து நிறுத்துவது வரை

பாளையங்கோட்டையில் ஒரு மெடிக்கல் கடையில் மருந்தாளுநராக 18 வருடம் ஓட்டிவிட்டேன். ஒரு நாள் முன்னீர்பள்ளத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார். "ஏ அய்யா, டாக்டரு பேரனுக்கு நல்ல பூச்சி மாத்திரை குடுக்கச் சொன்னாவ" என்றார். சீட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருக்கிறார். கடைப் பையன் யோசிக்கவே இல்லை. அல்பெண்டசோலை எடுத்து உறையில் போட்டுவிட்டான். நம் ஊரில் பூச்சி மாத்திரை என்றால் குடற்புழுவைக் கொல்கிற மாத்திரைதானே.

எனக்கு அந்த 'நல்ல' என்ற சொல் உறுத்தியது. "பேரனுக்கு என்ன செய்யுது ஆச்சி?" என்று கேட்டேன். "காதுல சீழு வந்துச்சுன்னு ஒரு மருந்து குடுத்தாவ. அதைக் குடிச்சதுலருந்து பேதியா போகுதுய்யா. வயித்துல நல்ல பூச்சி செத்துப்போச்சாம்." டாக்டர் சொன்னது பூச்சியைக் கொல்கிற மருந்து அல்ல, குடலுக்கு நல்லது செய்யும் கிருமிகளைக் கொண்டுபோய் விடுகிற மருந்து, அதாவது புரோபயாட்டிக். டாக்டருக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டு சரியானதைக் கொடுத்து அனுப்பினேன்.

அந்த ஆச்சிக்காவது எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தது. இப்போது வருகிறவர்களில் பலர் போனைக் காட்டி, "அண்ணாச்சி, குடலுக்கு நல்லதாம், இது ஒரு டப்பா குடுங்க" என்கிறார்கள். எதற்கு, எத்தனை நாள், யாருக்கு என்று கேட்டால் பதில் இருக்காது. என் பிடிவாதம் ஒன்றுதான்: பொதுவாகக் குடலுக்கு நல்லது என்று ஒரு புரோபயாட்டிக் கிடையாது. இன்ன தொந்தரவுக்கு, இன்ன கிருமி, இன்ன அளவில், இத்தனை நாள். அவ்வளவுதான்.

2001இல் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தது. உயிருள்ள நுண்ணுயிர்கள், போதிய அளவில் கொடுக்கப்பட்டால், உட்கொள்பவரின் உடலுக்கு நன்மை செய்பவை. உயிர், அளவு, நன்மை என்ற இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது புரோபயாட்டிக் இல்லை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த மூன்றையும் சரிபார்க்கிற வேலைதான்.

முதல் படி: எதற்கு என்று ஒரு வரியில் எழுதுங்கள்

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுத்து, "எனக்கு இன்னது செய்கிறது, இது குறைய வேண்டும்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் வாங்க வேண்டாம். எழுத முடிந்தால் அது கீழே உள்ளவற்றில் ஒன்றாக இருக்கும்.

ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வரும் பேதி. புரோபயாட்டிக்குக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிற இடம் இதுதான். அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மருந்து, கிளிண்டாமைசின், செஃபலோஸ்போரின் வகைகள் எல்லாம் நோய்க்கிருமியோடு சேர்த்துக் குடலில் குடியிருக்கும் கிருமிகளையும் கொல்கின்றன. பேதி வந்த பிறகு ஓடுவதைவிட, ஆன்டிபயாடிக் தொடங்கும் அன்றோ மறுநாளோ புரோபயாட்டிக்கையும் தொடங்குவது நல்லது. இதற்கு அதிகம் ஆராயப்பட்டவை இரண்டு: லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி என்ற பாக்டீரியா, சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட். ஆன்டிபயாடிக் முடிந்த பிறகும் ஒரு வாரம் தொடரச் சொல்வது வழக்கம்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2018இல் இஸ்ரேலின் வைஸ்மேன் நிறுவனத்தார் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு பல கிருமிகள் கலந்த புரோபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கு அவர்களின் சொந்தக் குடல் கிருமிகள் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமானது. ஒன்றுமே சாப்பிடாதவர்களுக்கு அது சீக்கிரம் திரும்பியது. அதனால்தான், பேதி வரும் ஆபத்துள்ள காலத்துக்கு மட்டும் சாப்பிடுங்கள், மாதக்கணக்கில் இழுக்காதீர்கள் என்கிறேன்.

திடீர் வயிற்றுப்போக்கு. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டு ஊருக்குள் வந்ததே, அதற்கடுத்த நாட்களில் பேதிக்கு மருந்து கேட்டு வந்தவர்களில் பலர் சின்னக் குப்பியில் வரும் புரோபயாட்டிக்கைக் கேட்டார்கள், ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு சர்க்கரைத் தூளைக் கேட்கவில்லை. வரிசை தலைகீழ். பேதியில் ஆளைச் சாய்ப்பது உடம்பிலிருந்து நீரும் உப்பும் போவது. அதைத் திருப்பிக் கொடுப்பது ஓ.ஆர்.எஸ்.தான். பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதியைக் கரைத்து மீதியை மடித்து வைக்கக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். குழந்தையாக இருந்தால் ஜிங்க்கும் உண்டு: ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம், பேதி நின்றாலும் 10 முதல் 14 நாள். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும். புரோபயாட்டிக் இவற்றுக்கு அப்புறம்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் பேதியோடு வந்த குழந்தைகளிடம் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018இல் வெளியாயின. புரோபயாட்டிக் கொடுத்தவர்களுக்கும் வெறும் மாவு கொடுத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நாள்பட்ட பொருமல், வலி, ஒரு நாள் இறுக்கம், ஒரு நாள் இளக்கம். பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் வயிறு மட்டும் சரியாக இல்லாதவர்களுக்கு டாக்டர்கள் ஐ.பி.எஸ். (எரிச்சலுறும் குடல் நோய்க்குறி) என்று எழுதுவார்கள். இதில் சிலருக்குப் பலன் கிடைக்கிறது, சிலருக்கு இல்லை. யாருக்கு எது கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கம் 2020இல் தந்த வழிகாட்டுதலில், ஐ.பி.எஸ்.ஸுக்கு ஆய்வுக்கு வெளியே இதைக் கொடுக்கப் போதிய சான்று இல்லை என்றது. இங்கிலாந்தின் அரசு வழிகாட்டுதலோ, போட்டுப் பார்க்க விரும்பினால் ஒரே பொருளை நான்கு வாரமாவது போட்டுக் கவனியுங்கள் என்கிறது. எனக்கு இரண்டாவது நியாயமாகப் படுகிறது, கணக்கு எழுதுவதாக இருந்தால்.

பால் ஒத்துக்கொள்ளாமை. இதற்கு மாத்திரை வேண்டாம். தயிர் போதும். தயிரில் உள்ள உயிருள்ள கிருமிகள் பால் சர்க்கரையை உடைக்க உதவுகின்றன. பால் குடித்தால் வயிறு கடமுடா என்கிறது, மோர் ஒன்றும் செய்வதில்லை என்று நம் வீடுகளில் பலர் சொல்வது இதைத்தான்.

வெறும் மலச்சிக்கலுக்கு முதலில் தண்ணீர், கீரை, பயறு, நடை. முகம் பளபளக்க, எடை குறைய, மூளை சுறுசுறுப்பாக என்றெல்லாம் டப்பாவில் போட்டிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

இரண்டாம் படி: நீங்கள் சாப்பிடலாமா?

இது உணவு மாதிரிதானே, என்ன செய்துவிடும் என்பார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாது. முதல் சில நாள் கொஞ்சம் வாயு, கொஞ்சம் உப்புசம், அவ்வளவுதான். ஆனால் உயிருள்ள கிருமியை உள்ளே அனுப்புகிறோம் என்பதை மறக்கக் கூடாது. கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்தவர்கள், நாள்கணக்கில் அதிக அளவு ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள், செயற்கை இதய வால்வு வைத்தவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய ரத்தக்குழாயில் ட்யூப் போட்டிருக்கும் நோயாளி உள்ள அறையில் ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரிக்கக்கூட வேண்டாம். பறக்கும் தூள் கையில் ஒட்டி ட்யூப் வழியாக ரத்தத்துக்குள் போய்விடலாம்.

நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்கு ட்யூப் வழியாகப் புரோபயாட்டிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் முடிவு வந்தபோது கொடுத்தவர்களில் 16 சதவீதமும் கொடுக்காதவர்களில் 6 சதவீதமும் இறந்திருந்தார்கள். நல்லது செய்யும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் நுணுக்கம். ஒடிசாவின் கிராமங்களில் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒரு குறிப்பிட்ட லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் வகையை, அதற்குத் தீனியாகும் ஒரு நார்ச்சத்தோடு சேர்த்து ஏழு நாள் கொடுத்ததில், ரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் 9 சதவீதத்திலிருந்து 5.4 ஆகக் குறைந்தன. நம் நாட்டில் நடந்த அருமையான வேலை. ஆனால் அவை பிறந்தபோது இரண்டு கிலோவாவது எடை இருந்த, நலமாக இருந்த குழந்தைகள். 2023இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது வேறு குழந்தைகளைப் பற்றி: மாதம் முந்திப் பிறந்த, எடை குறைந்த குழந்தைகளுக்கு இதனால் உயிருக்கே ஆபத்தான தொற்று வரலாம் என்று. கைக்குழந்தை என்றால் குழந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் நான் கொடுப்பதில்லை.

இன்னொன்று. மலத்தில் ரத்தம், கறுப்பாகத் தார் மாதிரி மலம், காரணமில்லாமல் எடை குறைதல், காய்ச்சல், தூக்கத்தைக் கெடுத்து எழுப்பும் பேதி, 45 வயதுக்கு மேல் புதிதாக மலம் போகும் பழக்கம் மாறுதல், வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய். இதில் எது இருந்தாலும் மெடிக்கலுக்கு வராதீர்கள். ஐகிரவுண்டுக்குப் போங்கள். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதற்கு இருக்கிறது?

மூன்றாம் படி: அட்டையைப் படியுங்கள்

ஜங்ஷனில் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை திருநெல்வேலி அல்வா. எல்லாப் பெட்டியிலும் அதே பெயர். உள்ளூர்க்காரன் அதைப் பார்த்து வாங்குவானா? எந்தக் கடை என்று கேட்பான். புரோபயாட்டிக்கின் பெயரும் அப்படித்தான், மூன்று துண்டாக இருக்கும். லாக்டோபேசில்லஸ் என்பது அல்வா என்ற மாதிரி. ராம்னோசஸ் என்பது திருநெல்வேலி அல்வா. கடைசியில் வரும் ஜிஜி என்ற அடையாளம்தான் கடைப் பெயர். ஆய்வெல்லாம் அந்தக் கடைசிப் பெயருக்குத்தான் நடந்திருக்கிறது. அந்த மூன்றாம் துண்டு இல்லாமல் 'லாக்டிக் அமில பாசில்லஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த ஆய்வை நம்பி வாங்குகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் லாக்டோபேசில்லஸ் என்ற பெரிய குடும்பத்தை விஞ்ஞானிகள் 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ். அட்டையில் பழைய பெயர் இருக்கலாம், புதியது இருக்கலாம். கடைசித் துண்டு மாறாது.

அடுத்து எண்ணிக்கை. சி.எஃப்.யூ., அதாவது உயிரோடு பெருகக்கூடிய கிருமிகளின் எண்ணிக்கை, என்று போட்டு பில்லியனில் எழுதியிருப்பார்கள். ஒரு பில்லியன் நமக்கு 100 கோடி. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி ஒரு நாள் அளவில் குறைந்தது 10 கோடியாவது உயிரோடு இருக்க வேண்டும். அது சட்டத்தின் அடிமட்டம். ஆன்டிபயாடிக் பேதிக்குக் குழந்தைகளிடம் பலன் தெரிந்த அளவு நாளுக்கு 500 கோடியும் அதற்கு மேலும். ஈஸ்டை மில்லிகிராமில் கொடுப்பார்கள், 250 என்று. பாசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியா வரும் 5 மில்லிச் சின்னக் குப்பியில் 200 கோடி. கடைகளில் கிடைக்கும் யாகுல்ட் என்ற புளித்த பால் பானத்தின் 65 மில்லிக் குப்பியில் 650 கோடி. கூடவே சர்க்கரையும் உண்டு, சர்க்கரை நோயாளிகள் பார்த்துக்கொள்ளுங்கள். 5,000 கோடி, 10,000 கோடி என்று போட்டால் அதிக விலை வைக்கலாம், அதிகப் பலன் என்று அர்த்தமில்லை. அந்தக் கோடிகள் தயாரித்த அன்று இருந்தவையா, காலாவதி நாள் வரை இருப்பவையா என்று பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் தந்த வழிகாட்டுதல், காலாவதி நாளின் எண்ணிக்கையைத்தான் போடச் சொல்கிறது.

உணவுத் துணைப்பொருளாக விற்பது என்றால் 14 இலக்க உணவு உரிம எண்ணும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகமும் இருக்கும். டாக்டர் நோய்க்கு எழுதிக் கொடுத்ததற்குப் பதிலாக யாராவது அப்படி ஒன்றைத் தந்தால் கேளுங்கள், "அண்ணாச்சி, இதுல மருந்துக்கில்லைன்னு போட்டிருக்கே?"

நான்காம் படி: வெயிலிலிருந்து காப்பாற்றுங்கள்

வெளியூர்க் கட்டுரைகளில் இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நெல்லைச் சீமையில் முடியாது. '25 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்று டப்பாவில் போட்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் 40ஐத் தொடும். மார்கழி அதிகாலையை விட்டால் மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறை எந்த நாளில் 25க்குக் கீழ் இறங்குகிறது?

லாக்டோபேசில்லஸ், பைஃபிடோபாக்டீரியம் இரண்டும் வெயில் தாங்காத ஜாதி. உலர்த்தித் தூளாக்கித் தூங்க வைத்திருக்கிறார்கள். சூடும் ஈரமும் சேர்ந்தால் விழித்து, தின்ன ஒன்றுமில்லாமல் செத்துப்போகும். மாத்திரை பார்க்க அப்படியே இருக்கும், நிறம்கூட மாறாது. ஆகவே குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டிய பொருள் என்றால், கடையிலேயே அது ஃபிரிட்ஜிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். மேசை இழுப்பறையிலிருந்து எடுத்தால் வாங்காதீர்கள். நான் கடைக்காரன்தான், நானே சொல்கிறேன். வாங்கியதைப் பைக் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்திவிட்டு ரத வீதியில் துணி எடுக்கப் போகக் கூடாது. நேரே வீடு. வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் வேண்டாம், நடுத்தட்டில் வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கூரியரில் வரவழைப்பதும் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தப் பெட்டி எந்த லாரியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

பாசில்லஸ் வகைகள், கிளாசி, கோயாகுலன்ஸ் போன்றவை, விதை மாதிரி கடினமான உறைக்குள் இருப்பவை. சூட்டைத் தாங்கும், வயிற்று அமிலத்தையும் தாங்கும். ஈஸ்ட் பாக்கெட்டும் ஓரளவு தாங்கும். அம்பாசமுத்திரத்துக்கு மேலே, பாபநாசம், காரையாறு என்று தள்ளி இருப்பவர்களுக்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லாதவர்களுக்கும் இவையே நடைமுறைக்கு ஒத்துவரும். தொந்தரவுக்குப் பொருந்துமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு.

ஐந்தாம் படி: விழுங்கும் முறை

ஆன்டிபயாடிக்குக்கும் பாக்டீரியா வகைப் புரோபயாட்டிக்குக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி. காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் ஆன்டிபயாடிக் என்றால், இதை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், குழப்பமே வராது. ஈஸ்டுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் படர்தாமரைக்கு ஃபுளுகோனசோல் மாதிரி பூஞ்சை மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது ஈஸ்டையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

அந்த ஈஸ்டின் கதை சுவாரசியமானது. 1920களில் இந்தோசீனாவில் காலரா பரவியபோது அங்குள்ளவர்கள் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலை வேகவைத்துக் குடிப்பதை ஆன்ரி பவுலார்டு என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து, அந்தத் தோலிலிருந்து பிரித்தெடுத்தார். குற்றாலம் சீசனில் சாலையோரம் குவித்து விற்கிறார்களே, அதே மங்குஸ்தான். அதற்காகத் தோலைக் கடிக்க வேண்டாம், கசக்கும்.

பாக்டீரியா கேப்சூலைச் சாப்பாட்டோடோ, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ விழுங்கலாம். சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்து வேண்டாம், அப்போது அமிலத்தில் அதிகம் சாகும். எதையும் சூடான காப்பியோடும் கொதிக்கும் கஞ்சியிலும் சேர்க்காதீர்கள். ஈஸ்ட் தூளை 50 டிகிரிக்கு மேல் சூடான எதிலும், ஐஸ் போட்ட எதிலும் கலக்கக் கூடாது. சாதாரணத் தண்ணீர், ஆறிய பால், மோர் போதும். சின்னக் குப்பியைக் குலுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும். உள்ளே திட்டுத் திட்டாகத் தெரிந்தால் கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள், கிருமிகள் ஒட்டி நிற்பதுதான். அது ஊசி மருந்துக் குப்பி மாதிரியே இருப்பதால் ஒரு எச்சரிக்கை: வாயால் குடிக்க மட்டும்தான். வீட்டில் யாருக்காவது ஊசி போட நர்ஸ் வருகிறார் என்றால் இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: காலண்டர் பின்பக்கம்

ஆன்டிபயாடிக் பேதிக்குத் தினமும் கணக்கு எழுதும் இந்த வேலை வேண்டாம். நாள்பட்ட தொந்தரவுக்கு இல்லாமல் முடியாது. தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளைக் குப்பையில் போடாமல் பின்பக்கம் நாலு விஷயம் எழுதுங்கள்: எத்தனை தடவை போனது, எப்படிப் போனது, பொருமலுக்குப் பத்துக்கு எத்தனை, வழக்கமில்லாமல் என்ன சாப்பிட்டோம். எப்படி என்பதற்கு 1997இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஏழு வகையாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டார்கள். ஒன்று ஆட்டுப் புழுக்கை. ஏழு வெறும் தண்ணீர். மூன்றும் நான்கும் நல்லவை, அதாவது வாழைப்பழம் மாதிரி. எண்ணை மட்டும் எழுதினால் போதும், யாராவது பார்த்தாலும் புரியாது.

புரோபயாட்டிக் தொடங்கும் முன்பே ஒரு வாரம் எழுதுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். பிறகு 28 நாள். அந்த நாட்களில் வேறு எதையும் புதிதாகத் தொடங்காதீர்கள். அதே வாரம் காப்பியை நிறுத்தி, நடைப்பயிற்சி ஆரம்பித்து, திரிபலாவும் சாப்பிட்டால் எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? செலவையும் முதலிலேயே போட்டுப் பாருங்கள். ஒரு கேப்சூல் 30 ரூபாய் என்று வைத்தால் 28 நாளுக்கு 840. அந்த 840க்கு என்ன மாற்றம் எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் முதல் தாளிலேயே எழுதிவிடுங்கள். பொருமல் ஏழிலிருந்து நாலுக்கு வர வேண்டும் என்கிற மாதிரி.

சாப்பாடு பற்றி ஒரு பேச்சு

இதைப் படியாகச் சொல்ல மனமில்லை, ஏனென்றால் இது மாத்திரை இல்லாமலும் செய்ய வேண்டியது. "எங்க ஆச்சி பழையது குடிச்சே தொண்ணூறு வயசு இருந்தா, இந்த மாத்திரை எதுக்கு?" என்று கேட்பார்கள். பழைய சோற்றிலும் வீட்டுத் தயிரிலும் உயிருள்ள கிருமி ஏராளம். ஆனால் எந்தக் கிருமி, எத்தனை கோடி என்று நாளுக்கு நாள், வீட்டுக்கு வீடு மாறும். அதனால் அதை மருந்தாக நம்ப முடியாது, நல்ல சாப்பாடாக நம்பலாம். ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடலுக்குப் போய்க் கிருமிகளுக்குத் தீனியாகிறது. தொட்டுக்கொள்ளும் சின்ன வெங்காயத்திலும் அந்தத் தீனி உண்டு. மாத்திரையில் கோடிக்கணக்கில் ஆள் அனுப்பிவிட்டு, தின்ன ஒன்றும் அனுப்பாமல் பரோட்டாவாகவே தள்ளினால் அது என்ன விருந்தோம்பல்?

இட்லியில் கிருமி இருக்குமே என்பது இன்னொரு கேள்வி. மாவில் இருக்கும், ஆவியில் போகும். அல்வாவுக்குக்கூடக் கோதுமைப் பால் புளிக்கிறது. அதை வைத்து அல்வாவைப் புரோபயாட்டிக் என்று யாரும் விற்க ஆரம்பிக்காமல் இருக்க வேண்டும். மோர்க்குழம்பும் அப்படியே, கொதித்தால் கணக்கில் வராது. பச்சை மோர்தான் கணக்கு.

ஏழாம் படி: நிறுத்துங்கள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இது இரண்டுமே. விழுங்கிய கிருமி குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. நிறுத்திய சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று சொல்வது விற்கிறவர் வசதிக்குத்தான்.

28 நாள் முடிந்ததும் தாள்களை வரிசையாகப் பரப்புங்கள். எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். வேறு கிருமி ஒன்றை இன்னொரு நான்கு வாரம் பார்க்கலாம், மூன்றாவதுக்குப் போக வேண்டாம், டாக்டரிடம் போங்கள். குறைந்திருந்தாலும் ஒரு தடவை நிறுத்திப் பாருங்கள். திரும்பி வந்தால்தான் அது மருந்தின் வேலை. வராவிட்டால் தானாகவே சரியானது.

என் மைனிக்குச் சாயங்காலமானால் வயிறு பானை மாதிரி ஊதிக்கொள்ளும். டாக்டர் பார்த்து ஐ.பி.எஸ். என்று சொல்லி ஒரு புரோபயாட்டிக் எழுதினார். முறையாகக் காலண்டரில் எழுதினார்கள். 28 நாளும் முடிந்தது, பொருமல் சராசரியாக ஆறு, ஏழு என்றே நின்றது. தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி உட்கார்ந்தோம். எட்டும் ஒன்பதும் போட்ட நாட்களில் எல்லாம் 'பனங்கற்கண்டு பால், பெரிய டம்ளர்' என்று எழுதியிருந்தது. சளிக்கு நல்லது என்று இடையிடையே குடித்திருக்கிறார்கள். மோர் குடித்த நாட்களில் மூன்று, நாலு. பாலை நிறுத்தினார்கள், கேப்சூலையும் நிறுத்தினார்கள். இரண்டு வாரத்தில் மூன்றுக்கு வந்தது.

"ரெண்டு அட்டை மீதி கிடக்கே தம்பி, எதிர்த்த வீட்டுப் பிள்ளைக்கு வயிறு சரியில்லன்னாவ, குடுத்துரட்டுமா? வீணாத்தானே போகும்" என்று ஃபிரிட்ஜைத் திறந்தார்கள்.

அந்தப் பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்தது. "குடுக்காதீங்க மைனி" என்று வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.